கப்பலில் நின்றவனும் கரையில் நின்றவனும்

கடந்த பள்ளி விடுமுறையில் பத்து பாகாட்டில் உள்ள அப்பா வீட்டுச் சாமான் அறையைக் காலி செய்தோம். கூரை ஒழுகுகிறது. மாற்ற ஆள் வருவதற்குள் எல்லாவற்றையும் வெளியே எடுத்தாக வேண்டும். பழைய தையல் இயந்திரம், துருப்பிடித்த மேசைக் காற்றாடி, ஒரு கால் இல்லாத நாற்காலி, எந்தப் பூட்டுக்கு உரியவை என்று யாருக்கும் தெரியாத சாவிகள். எல்லாவற்றுக்கும் அடியில் இரண்டு சதுரப் பிஸ்கட் டின்கள் இருந்தன.

மூடியைத் திறந்ததும் மக்கிய காகிதமும் பூச்சி உருண்டையும் கலந்த வாசம் வந்தது. முதல் டின்னில் ராணி காமிக்ஸ் நாற்பதுக்கு மேல் இருக்கும். அவற்றோடு கொஞ்சம் லயன், கொஞ்சம் முத்து. இரண்டாவது டின்னில் அட்டை போன ‘கடல் புறா’. அதன் கீழே, வார இதழ்ப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்துச் சாக்கு ஊசியால் தைத்த ‘பொன்னியின் செல்வன்’. அது தாத்தாவின் கைவேலை.

அன்று கூரை வேலை மதியத்துக்கு மேல்தான் நடந்தது. காரணம் நான்தான். தரையில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்துவிட்டேன்.

நேசித்த புத்தகத்தை முப்பது வருடம் கழித்துத் திரும்பப் படிப்பது கொஞ்சம் ஆபத்தான காரியம். பழைய பள்ளித் தோழனைக் கல்யாண வீட்டில் பார்ப்பது மாதிரி. அவன் மாறிவிட்டானா, நாம் மாறிவிட்டோமா என்று முதல் ஐந்து நிமிடம் பிடிபடாது. அந்த டின்கள் இரண்டையும் நான் படித்து முடிக்க இரண்டு மாதம் ஆனது. அதில் எனக்குப் பிடிபட்டதைத்தான் இந்த வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

மாயாவிக்குக் காவல் காத்த தம்பி

அப்போது அப்பா யோங் பெங் பக்கம் ஒரு தோட்டத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். சம்பளம் போட்ட மறு ஞாயிறு எங்களைப் பேருந்தில் பத்து பாகாட் டவுனுக்கு அழைத்துப் போவார். ஊதுபத்தி, மசாலைத்தூள், பூமாலை, பத்திரிகை எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும் கடை ஒன்று இருந்தது. காமிக்ஸ் அட்டையில் இருக்கும் இந்திய விலையைப் பேனாவால் அடித்துவிட்டு வெள்ளிக் கணக்கில் எழுதியிருப்பார்கள். ஆளுக்கு ஒன்று. நானும் தம்பியும் ஒன்றையே எடுத்துவிடக் கூடாது என்று கடை வாசலிலேயே பேச்சுவார்த்தை நடத்துவோம்.

சென்னையில் தந்தி குழுமம் 1984-இல் தொடங்கிய ராணி காமிக்ஸ் 2005 வரை வந்தது. முதல் இதழ் ஜேம்ஸ் பாண்ட் கதை. ஆனால் எங்களைப் பிடித்துக்கொண்டவர் பாண்ட் அல்ல, முகமூடி வீரர் மாயாவி. ஆங்கிலத்தில் பேண்டம். அமெரிக்கரான லீ ஃபாக் 1936-இல் உருவாக்கிய பாத்திரம். மண்டை ஓட்டுக் குகை, வெள்ளைக் குதிரை, ஓநாய், குத்து வாங்கியவன் தாடையில் அழியாத முத்திரை விட்டுச் செல்லும் மோதிரம். பதினொரு வயதுப் பையனுக்கு வேறென்ன வேண்டும்?

தோட்டத்துச் செம்பனை மரங்களுக்கு நடுவே நாங்கள் மாயாவி விளையாடுவோம். விரலில் பேனாவால் மண்டை ஓடு வரைந்துகொள்வேன். நான்தான் எப்போதும் மாயாவி. பக்கத்து லயத்துப் பையன்கள் கடற்கொள்ளையர். தம்பி எப்போதும் விஷ அம்பு வைத்திருக்கும் குள்ள மனிதன். குகை வாசலில் காவல் நிற்பது அவன் வேலை.

இப்போது அதே கதைகளைப் புரட்டினால் கண் வேறு இடத்துக்குப் போகிறது. குதிரையில் இருப்பவரைப் பார்த்துவிட்டு நிற்காமல், சுற்றி நிற்பவர்களைப் பார்க்கிறது. பல தலைமுறையாக ஒரே வெள்ளைக்காரக் குடும்பம் காட்டைக் காக்கிறது. அப்பன் செத்தால் மகன். காட்டு மக்களோ அத்தனை தலைமுறையும் அதே இடத்தில் நிற்கிறார்கள், அவரைத் தெய்வம் என்று நம்பிக்கொண்டு. மூலக் கதையில் அந்தக் குள்ள மனிதர்களின் பெயர் ‘பண்டார்’. நம் நாட்டில் பண்டார் என்றால் நகரம். பத்து பாகாட்டுக்கே பண்டார் பெங்காராம் என்றொரு பெயர் உண்டு. ஆனால் இந்தியில் அந்தச் சொல்லுக்குக் குரங்கு என்று பொருள். கிப்ளிங்கின் காட்டுக் கதையில் குரங்குக் கூட்டத்தின் பெயர் பண்டார்-லோக். இது தெரிந்த பிறகு அந்தப் பக்கங்களை முன்பு போலப் புரட்ட முடியவில்லை.

கொள்ளையர்களின் பெயர் இன்னும் சங்கடம். மூலத்தில் அவர்கள் ‘சிங்’ சகோதரர்கள். இந்தியாவில் 1964-இல் தொடங்கிய இந்திரஜால் காமிக்ஸ் அதைச் ‘சிங்கா’ என்று மாற்றி அச்சிட்டது. வங்காளத்தை நினைவூட்டிய காட்டின் பெயரையும் ‘டெங்காலி’ ஆக்கியது. இந்தியப் பிள்ளைகள் படிக்கும் கதையில் வில்லனுக்கு இந்தியப் பெயர் இருக்கக் கூடாது என்று யாரோ ஓர் ஆசிரியர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். எனக்கு அந்த யோசனை வர முப்பது வருடம் பிடித்தது.

என் மகள் படிவம் 2 படிக்கிறாள். ஒரே இரவில் ஆறு கதை முடித்துவிட்டு வந்தாள். “கதை ஜோராத்தான் இருக்குப்பா. ஆனா அடி வாங்குறவங்க எல்லாம் நம்ம மாதிரியே இருக்காங்க. நீங்க கவனிக்கலையா?”

கவனிக்கவில்லை. அதுதான் உண்மை. நான் குதிரை மேல் இருந்தேன். அங்கிருந்து பார்த்தால் அது தெரியாது.

சிங்கப்பூரில் வேலை செய்யும் தம்பிக்குப் போன் போட்டு இதைச் சொன்னேன். அவன் சிரித்தான். “எனக்கு அப்பவே தெரியும். அஞ்சு வருஷம் உன் குகைக்குக் காவல் நின்னது யாரு?”

திருத்தியவர்களும் திருந்தியவர்களும்

இந்த மாதிரிக் கதைகளை எழுதியவர்களே பிறகு திரும்பிப் பார்த்து மாற்றியதும் உண்டு. மந்திரவாதி மாண்ட்ரேக்கும் லீ ஃபாக் படைத்தவர்தான், 1934-இல். அவருடைய தோழன் லொதார் ஆப்பிரிக்க இளவரசன். ஆனால் ஆரம்பக் கதைகளில் சிறுத்தைத் தோலைக் கட்டிக்கொண்டு கொச்சை ஆங்கிலம் பேசும் வேலைக்காரன் போல நிற்பார். 1965-இல் ஓவியர் மாறிய பிறகு லொதார் நல்ல உடுப்பு போட்டு நல்ல மொழி பேசும் சமமான நண்பர் ஆனார்.

டின்டின் கதைகளை வரைந்த பெல்ஜிய ஓவியர் ஹெர்ஜேயும் அப்படித்தான். காங்கோ கதையின் 1931 பதிப்பில் டின்டின் ஆப்பிரிக்கப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கிறான். பாடம் என்ன தெரியுமா? ‘உங்கள் நாடான பெல்ஜியம்’. 1946-இல் கதையைத் திரும்ப வரைந்தபோது அந்தப் பாடம் சாதாரணக் கூட்டல் கணக்காக மாறிவிட்டது. காங்கோக்காரர் ஒருவர் அந்தப் புத்தகத்தைத் தடை செய்யக் கோரி வழக்குப் போட்டார். 2012-இல் பிரசல்ஸ் நீதிமன்றம் மறுத்துவிட்டது.

திரும்பப் படித்ததில் தேறியவர்களும் இருக்கிறார்கள். இரும்புக்கை மாயாவியை எடுத்துக்கொள்ளுங்கள். 1972-இல் முத்து காமிக்ஸின் முதல் இதழே அவர் பெயரில்தான் வந்தது. பிரிட்டனின் ‘வேலியண்ட்’ வார இதழில் 1962-இல் அறிமுகமானவர். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறையும், இரும்புக் கை மட்டும் தெரியும். சின்ன வயதில் அந்த மாயம் போதுமாக இருந்தது. அறிமுகக் கதையில் அவர் நல்லவர் இல்லை என்பது இப்போதுதான் மனத்தில் உறைத்தது. கைக்கு வந்த சக்தி தலைக்கேறி முதலில் குற்றவாளியாகத்தான் திரிகிறார். பிறகுதான் மனிதர் ஆகிறார். உடல் மறைந்தாலும் கை தெரிந்துகொண்டே இருக்கிறது. செய்ததிலிருந்து தப்ப முடியாத ஒருவனின் கதை என்று இன்று அதைப் படிக்கிறேன்.

அறுபத்து நான்கு காயங்கள்

இரண்டாவது டின்னுக்கு வருகிறேன். கல்கி வார இதழில் 1950 முதல் 1954 வரை ‘பொன்னியின் செல்வன்’ தொடராக வந்தது. தாத்தா பால் வெட்டுக்குப் போனவர். இரவுப் பள்ளியில் எழுத்துக் கூட்டிப் படித்தவர். யார் யாரிடமோ கேட்டு வாங்கிச் சேர்த்த பக்கங்கள். சில அத்தியாயங்கள் இல்லை. மணியம் வரைந்த படங்களில் சிலவற்றை யாரோ வெட்டி எடுத்திருக்கிறார்கள்.

படிவம் 3 விடுமுறையில் நான் அதை முதன்முதலாகப் படித்தபோது வந்தியத்தேவனாகவே மாறிவிட்டேன். குதிரை, குறும்பு, குந்தவையின் ஓலை. பெரிய பழுவேட்டரையர் எனக்குச் சிரிப்பு மூட்டும் கிழவர். அறுபதைத் தாண்டிய வயதில் நந்தினியைக் கல்யாணம் செய்துகொண்டு ஊரே கேலி செய்ய நிற்கும் மனிதர். அவர் வரும் அத்தியாயங்களை வேகமாகத் தாண்டுவேன்.

இந்த முறை தாண்ட முடியவில்லை. எனக்கு வயது நாற்பத்தைந்து. வந்தியத்தேவனை விட்டு ரொம்ப தூரம் வந்தாயிற்று. போர்களில் வாங்கிய அறுபத்து நான்கு காயங்களை உடம்பில் சுமக்கும் ஒரு மனிதர், வாழ்நாள் முழுதும் அரசுக்கு உழைத்தவர், கடைசிக் காலத்தில் ஓர் அன்பான வார்த்தைக்கு ஏங்கி ஏமாந்துபோகிறார். ஏமாந்தது தெரிந்ததும் மறைக்காமல் சபையில் ஒப்புக்கொள்கிறார். தன் தவறைப் பிள்ளைகள் வயதுள்ளவர்கள் முன்னால் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று இப்போது எனக்குத் தெரியும். வாளெடுத்துச் சண்டை போடுவதைவிடக் கஷ்டம்.

என் மனைவி வேறோர் இடத்தில் நின்றுவிட்டாள். மணிமேகலை. வந்தியத்தேவனைக் காப்பாற்ற ஆதித்த கரிகாலனைக் கொன்றது தானே என்று பழியை ஏற்கத் துணிந்தவள். கடைசியில் அவன் மடியில் உயிர் விடுகிறாள். “அந்தப் பொண்ணு அவ்வளவு செஞ்சுது. நீங்க எல்லாம் அருள்மொழிக்குப் பட்டாபிஷேகம் உண்டா இல்லையான்னு பக்கத்தப் புரட்டிக்கிட்டு இருந்தீங்க” என்றாள். பதில் சொல்லவில்லை. அதையேதான் செய்தேன்.

2022-லும் 2023-லும் மணிரத்னத்தின் இரண்டு படங்கள் வந்தபோது நம் ஊர்த் திரையரங்குகளுக்குக் குடும்பம் குடும்பமாகப் போனோம். படத்தைப் பார்த்துவிட்டுப் புத்தகத்தைத் தேடிய இளைஞர்கள் நிறைய. அவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். இப்போது படித்துவிட்டு அலமாரியில் வையுங்கள், நாற்பதைத் தாண்டியதும் மறுபடி எடுங்கள். அப்போது வேறொருவர் உங்களுக்காகக் காத்திருப்பார்.

‘கடாரம் கொண்டான்’

இதுவரை சொன்னது தனிமனித விஷயம். அடுத்து வருவது நம் எல்லாருக்கும் உரியது, கொஞ்சம் கூச்சமும் தருவது.

சாண்டில்யனின் ‘கடல் புறா’வை உங்களில் பலர் படித்திருப்பீர்கள். இளையபல்லவன் என்னும் கருணாகரத் தொண்டைமான், காஞ்சனாதேவி, மஞ்சளழகி. கதை நம் கடல்களில் நடக்கிறது. ஸ்ரீவிஜயம், கடாரம் என்று நாம் வாழும் வட்டாரத்தின் பெயர்களைத் தமிழ் நாவலில் பார்த்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. கடாரம் என்றால் நம் கெடா. அகிலனின் ‘வேங்கையின் மைந்தன்’ ராஜேந்திர சோழனைப் பற்றியது, 1963-இல் சாகித்திய அகாடமி விருது பெற்றது. அதையும் நூலகத்தில் எடுத்துப் படித்து முடித்தேன். அந்த வருடம் என் பள்ளி நோட்டுப் புத்தகங்கள் எல்லாவற்றின் அட்டையிலும் ‘கடாரம் கொண்டான்’ என்று எழுதி வைத்தேன். கடாரத்தை வென்ற ராஜேந்திரனுக்கு வழங்கிய பட்டப் பெயர்.

எங்கள் வகுப்பாசிரியர் ஒரு மலாய்க்காரர். நல்ல மனிதர். இது என்ன எழுத்து, என்ன பொருள் என்று கேட்டார். பெருமையோடு விளக்கினேன். எங்கள் ராஜா ஆயிரம் வருடத்துக்கு முன் கப்பல்களில் வந்து கெடாவைப் பிடித்தார், அதனால் இந்தப் பட்டம் என்றேன். அவர் சிரித்தார். “நான் கெடாக்காரன். அப்படியானால் நீ என் கம்பத்தைப் பிடித்தவனா?” என்று கேட்டுவிட்டு முதுகில் தட்டிக் கொடுத்துப் போனார். வகுப்பே சிரித்தது. என்னைப் பாராட்டிவிட்டுப் போனார் என்றே பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த வருடம் என் மகளுக்குப் பள்ளியில் மலாய் உலகின் பழைய அரசுகள் பாடம். ஸ்ரீவிஜயம் பற்றிக் குழுப்பணி. ஒரு மலாய்ப் பெண், ஒரு சீனப் பெண், இவள். வீட்டில் தமிழ்ப் புத்தகங்களில் ஏதாவது இருக்கிறதா என்று அவர்கள் கேட்டார்களாம். ‘கடல் புறா’வில் ஐம்பது பக்கம் படித்தாள். பிறகு என்னிடம் வந்தாள்.

“அப்பா, இதுல ஸ்ரீவிஜயம்தான் எதிரியா?”

“கதையில அப்படித்தான்.”

“நான் இதை அவங்ககிட்ட எப்படிச் சொல்றது?”

நோட்டுப் புத்தக அட்டை நினைவுக்கு வந்தது. காது சூடாகிவிட்டது.

நாவலை மூடிவிட்டு வரலாற்றை எடுத்தோம். 1025-இல் ராஜேந்திரனின் கடற்படை ஸ்ரீவிஜயத்தையும் அதன் துறைமுகங்களையும் தாக்கியது. தஞ்சைக் கல்வெட்டு வென்ற ஊர்களை வரிசையாகச் சொல்கிறது. இலங்காசோகம் என்பது லங்காசுகா. நக்கவாரம் என்பது நிக்கோபார். கடைசியில் கடாரம். அரசன் சங்கிராம விஜயோத்துங்க வர்மனைப் பிடித்ததையும், அவனுடைய நகரின் போர் வாயிலில் இருந்த வித்தியாதர தோரணத்தையும் மணிகள் பதித்த கதவுகளையும் கைப்பற்றியதையும் பெருமையாகப் பட்டியல் போடுகிறது. சின்ன வயதில் இந்தப் பட்டியல் எனக்கு மனப்பாடம். அந்தக் கதவு யார் வீட்டுக் கதவு என்று ஒருமுறையாவது நினைத்ததில்லை. நான் கப்பலில் நின்றுகொண்டிருந்தேன். ஆனால் என் வீடு கரையில் இருந்தது.

நாவல்கள் எனக்குத் தராத இன்னொரு பக்கமும் கிடைத்தது. ‘பொன்னியின் செல்வ’னில் அருள்மொழிவர்மன் காய்ச்சலோடு நாகப்பட்டினம் சூடாமணி விகாரத்தில் அடைக்கலம் ஆவது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த விகாரத்தின் பெயர் எங்கிருந்து வந்தது? ஸ்ரீவிஜய அரசன் சூளாமணி வர்மனின் பெயரில் வந்தது. நம் பக்கத்து அரசன் நாகப்பட்டினத்தில் எடுத்த பௌத்தப் பள்ளி அது. அதற்கு ராஜராஜ சோழன் ஆனைமங்கலம் என்ற ஊரையே 1006 வாக்கில் தானமாகக் கொடுத்தான். செப்பேடு இருக்கிறது. அவன் மகன் காலத்தில்தான் போர். பிறகு 1090-இல் கடாரத்து அரசனின் தூதர்கள் வந்து கேட்க, குலோத்துங்க சோழன் அதே விகாரத்தின் தானங்களை உறுதி செய்து இன்னொரு செப்பேடு கொடுத்தான்.

ஆக முதலில் நட்பு, நடுவில் சண்டை, பிறகு மறுபடி பேச்சு. எல்லா அண்டை வீட்டுக் கதையும் இதுதானே? நான் படித்த நாவல்களில் சண்டைதான் பெரிதாகத் தெரிந்தது. அதையே முழுக் கதை என்று நம்பிவிட்டேன்.

இன்னொரு பத்து பாகாட்

சில வாரம் கழித்துச் சுங்கை பட்டாணியில் உறவுக்காரர் கல்யாணம். ஏறக்குறைய 600 கிலோமீட்டர். போனது போனோம், மெர்போக்கில் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்துக்கும் மகளைக் கூட்டிப் போனேன். அதன் பக்கத்தில் ஓடைக்கரையில் ஒரு பழைய கோவிலின் கல் அடித்தளம் இருக்கிறது. குவாரிச் வேல்ஸ் என்ற ஆய்வாளர் 1930-களில் தோண்டிப் பார்த்தது, 1960 வாக்கில் கற்களை அடுக்கி மறுபடி எழுப்பினார்கள். பெயர்ப்பலகையைப் பார்த்து மகள் கத்தினாள். “அப்பா, நம்ம ஊரு பேரு!”

சண்டி புக்கிட் பத்து பாகாட். பத்து பாகாட் என்றால் உளியால் செதுக்கிய கல். அங்கே கோவில் கல். இங்கே எங்கள் ஊரில் மின்யாக் பெக்கு பக்கம் பாறையில் குடைந்த கிணறு. மலாக்காவைத் தாக்க வந்த சியாமியப் படை தண்ணீருக்காகக் குடைந்தது என்று ஊரில் சொல்லுவார்கள். படை வந்தது, போனது. கிணறும் பெயரும் தங்கிவிட்டன.

அந்தக் கற்களின் மேல் உட்கார்ந்து அவள் கேட்டாள். “தாத்தாவோட அப்பாவும் கப்பல்ல தானே வந்தார்? அவர் எந்தப் பக்கம்?”

ஊருக்குத் திரும்பியதும் அப்பாவிடமே கேட்கச் சொன்னேன். அப்பாவுக்கு எழுபத்தைந்து ஆகிறது. அவர் சொன்னார். “எங்கப்பா நாகப்பட்டணத்துல ரஜூலா கப்பல் ஏறுனாரு. டெக்குல, மழையிலயும் வெயில்லயும். பினாங்குல இறங்கினாரு. கையில ஒரு தகரப் பெட்டி. அவரு யாரையும் பிடிக்க வரலம்மா. அவரைத்தான் கங்காணி பிடிச்சுக்கிட்டு வந்தான்.”

1926 முதல் 1973 வரை ரஜூலா வங்கக் கடலில் போய்வந்தது. நம்மில் எத்தனையோ குடும்பங்களின் கதை அதன் மேல்தளத்தில் தொடங்குகிறது. அதே நாகப்பட்டினம், அதே கடல். சோழக் கடற்படையைப் பற்றி நாம் பேசும் பேச்சில் கால்வாசி கூட ரஜூலாவைப் பற்றிப் பேசுவதில்லை. வென்ற கப்பல் நம்முடையது என்று சொல்லிக்கொள்ள ஆசை. தாத்தா வந்த கப்பலைச் சொல்லக் கூச்சம். எனக்கும் அந்தக் கூச்சம் இருந்தது. தோட்டத்துப் பிள்ளை என்று யாராவது கேலி செய்த நாளில் ராஜேந்திர சோழனைப் போர்வை மாதிரி இழுத்துப் போர்த்திக்கொள்வேன். அந்த வயதில் எனக்கு அது தேவைப்பட்டது, அதை மறுக்கமாட்டேன். அந்தப் போர்வையைத் தந்த எழுத்தாளர்களுக்கு நன்றியும் உண்டு.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ‘வேங்கையின் மைந்தன்’ எழுதிய அதே அகிலன்தான் பின்னாளில் ‘பால்மரக் காட்டினிலே’ எழுதினார். நம் தோட்டத்து மக்களைப் பற்றிய நாவல். முன்னதை ஒரே மூச்சில் படித்த நான், பின்னதைப் பாதியில் வைத்துவிட்டேன். அதில் ராஜா இல்லை, போர் இல்லை, எங்கள் லயத்தில் தினம் பார்க்கிற முகங்கள்தான் இருந்தன. கதையில் வருகிற அளவுக்கு அவை பெரிய முகங்கள் இல்லை என்று நினைத்திருக்கிறேன். போன மாதம்தான் அதை முழுதாகப் படித்து முடித்தேன். அப்பாவிடம் கொடுத்தேன். பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு நாளுக்கு நாலைந்து பக்கம் படிக்கிறார். இடையில் நிறுத்தி, “இது சரியா எழுதியிருக்காரு” என்கிறார், அல்லது “இப்படி இல்ல, வேற மாதிரி” என்கிறார். அந்த ‘வேற மாதிரி’யைக் கேட்க நான் இப்போது வாரம் தவறாமல் போகிறேன்.

டின்னை என்ன செய்வது?

நண்பர் ஒருவர் கேட்டார். இவ்வளவு குறை சொல்கிறாயே, அவற்றைப் பிள்ளை கையில் கொடுக்கலாமா? ஒளித்து வைத்தால் என்ன?

நானும் யோசித்தேன். ஒளித்து வைத்தால் அவளுக்கு நான் கொடுப்பது ஒரு பூட்டிய பெட்டி. திருத்திக் கொடுத்தால் என் வேலையை அவளுக்குப் பதிலாக நானே செய்துவிடுகிறேன். என் பதினொரு வயதில் இல்லாத ஒன்று அவளுக்கு இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து, “இதில் சுற்றி நிற்கிறவங்களைப் பாரு” என்று சொல்ல ஓர் ஆள். உண்மையில் அவள்தான் எனக்கு அதைச் சொன்னாள் என்பது வேறு விஷயம். படித்த பிறகும் மாயாவியை அவள் வெறுக்கவில்லை. ஓநாய் ரொம்பப் பிடித்துவிட்டதாம். பிடித்ததையும் உறுத்தியதையும் சேர்த்தே வைத்துக்கொள்ள அவளுக்குத் தெரிகிறது. எனக்குத்தான் அது நாற்பதுக்கு மேல் வந்தது.

அவளுடைய குழுப்பணியும் முடிந்தது. கடைசிப் பக்கத்தில் மூன்று பேரும் சேர்ந்து ஒரு காலவரிசை போட்டிருந்தார்கள். 1006, 1025, 1090. மூன்றுக்கும் ஒரே அளவு கட்டம். போருக்கு மட்டும் பெரிய கட்டம் போடவில்லை.

உங்கள் வீட்டுச் சாமான் அறையிலும் இப்படி ஒரு டின் இருக்கலாம். அம்மா சேர்த்த தொடர்கதையோ, அண்ணன் ஒளித்து வைத்த துப்பறியும் நாவலோ. எடைக்குப் போடும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை திறந்து பாருங்கள். அன்று நீங்கள் யாராக இருந்து படித்தீர்கள், இன்று யார் பக்கம் கண் போகிறது என்று பாருங்கள். முடிந்தால் வீட்டில் இன்னொருவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் டின்கள் புதுக் கூரைக்குக் கீழே கூடத்துக்கு வந்துவிட்டன. தீபாவளிக்குத் தம்பி குடும்பத்தோடு வருகிறான். அவனுடைய இரண்டு பையன்களுக்கும் இன்னும் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கத் தெரியும். அவர்களுக்குப் படித்துக் காட்டப்போவதாகச் சொல்லியிருக்கிறான். போனை வைக்கும் முன் ஒரு நிபந்தனையும் போட்டான்.

“இந்தத் தடவை நான்தான் மாயாவி. குகைக்கு நீ காவல் நில்லுண்ணே.”

சரி என்று சொல்லிவிட்டேன்.